சுத்தியலோடு போன சூசை

என் அத்தை வீட்டுக்காரருக்கு ‘மாட்டேன்’ என்ற சொல் வராது. திக்குவாய் என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற சொல்லெல்லாம் நன்றாகவே வரும். ‘சரிங்க’, ‘அதுக்கென்ன’, ‘வெச்சுட்டுப் போங்க’, இதெல்லாம் அவர் வாயில் எந்நேரமும் தயாராக இருக்கும். இந்த ஒரு சொல் மட்டும் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். மீன்முள் மாட்டிக்கொண்டவர் மாதிரி கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து எச்சில் விழுங்குவார். விழுங்கி முடித்ததும் ‘சரிங்க’ வந்துவிடும். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால், உங்களைப் பற்றி எழுதட்டுமா மாமா என்று கேட்டிருப்பேன். “அதுக்கென்ன பாப்பா” என்றிருப்பார்.

ஒருமுறை அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு என்னை அழைத்துப் போக வந்திருந்தார். நான் பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கித் தேடுகிறேன், ஆளைக் காணோம். போனையும் எடுக்கவில்லை. அத்தைக்குப் போன் போட்டால், “இரு இரு, எந்தக் கண்டக்டராச்சும் ஏத்திக்கிட்டுப் போயிருப்பான்” என்றாள் அத்தை, அலட்டிக்கொள்ளாமல். அப்படியேதான் நடந்திருந்தது. உடையார்பாளையம் பஸ் கண்டக்டர் “ஏறுங்க பெரியவரே, எடுக்கப் போறோம்” என்று கையைப் பிடித்திருக்கிறார். மாமா ஏறிவிட்டார். டிக்கெட்டும் எடுத்துவிட்டார். பொழுது சாயும்போது முந்திரிப்பருப்புப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். அங்கே யாரோ “வாங்கிக்குங்க” என்றார்களாம், அதுவும் வாங்கிவிட்டார்.

“ஏன் மாமா, எறங்கணும்னு தோணலியா?”

“கையப் புடிச்சிக் கூப்புட்டாரு பாப்பா. எப்புடி…”

அந்த ‘எப்புடி’க்கு மேல் வாக்கியம் போகாது. எனக்கு அவர்மேல் பாசம் உண்டு, எரிச்சலும் உண்டு. எது அதிகம் என்று கேட்டால் இன்றைக்கு ஒன்று சொல்வேன், நாளைக்கு ஒன்று சொல்வேன்.

மாமா தச்சர். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகிற ரோட்டோரத்தில் அவருடைய பட்டறை. கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் கிளப்புகிற வெள்ளைத் தூசி அவர் தலையிலும் தாடியிலும் படிந்து, நாற்பதிலேயே அறுபது மாதிரி இருந்தார். அறுபதிலும் அப்படியேதான் இருந்தார். ஊரில் உடைந்த நாற்காலி, ஆடுகிற பெஞ்சு, கதவில்லாத பீரோ எல்லாம் அவர் பட்டறைக்கு வந்துவிடும். யார் கேட்டாலும் “திங்கக்கெழமை வாங்க” என்பார். திங்கட்கிழமை வந்தால் பட்டறை வாசலில் சண்டை நடக்கும். அத்தைதான் போய் விலக்கிவிடுவாள்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு அப்போது ஒரு புதிய சாமி வந்திருந்தார். எங்கள் பக்கம் பாதிரியாரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். கடவுளும் சாமிதான். எந்தச் சாமி என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். நான் இங்கே குழப்பம் வராமலிருக்க அவரை ஃபாதர் என்றே எழுதுகிறேன். இந்தச் சாமி வெளிநாட்டில் இறையியலும் ஓவியமும் படித்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர். ஆனால் படப் பைத்தியம். “பிரசங்கம் ஒரு காதுல போயி இன்னொரு காதுல வெளிய வந்துரும். படம் அப்படி இல்ல. உள்ள போயிடுச்சுன்னா வெளிய வர வழியே கெடையாது” என்பார். அதை ஒரு நல்ல செய்தி மாதிரி சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கோயில் மண்டபத்தில் சினிமா போட ஆரம்பித்தார். எல்லாம் ஓவியர்களைப் பற்றிய சினிமா, எல்லாம் வேற்று மொழி. நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெளிச்சம் வரக்கூடாது என்று ஜன்னலையெல்லாம் சாத்தி, அதன்மேல் நீல நிறத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். கதவையும் சாத்திவிட்டால் உள்ளே மூச்சு முட்டும். இயேசு படம் என்று நினைத்து வந்த கூட்டம், யாரோ ஒரு கிழவர் ஒரு சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கால் மணி நேரம் பார்த்தது. அந்தக் கிழவர் சாரத்தில் ஏறி நின்று ஒரு சம்மனசை, அதாவது தேவதூதரை, வரைந்தார். படம் முழுக்க வரைந்தார். கடைசியில் றெக்கை சரியில்லை என்று தானே அழித்துவிட்டார்.

“இதுக்கு நா வூட்டுல தூங்கியிருப்பேன்” என்று அத்தை எழுந்து போனாள். ஒவ்வொருவராக நழுவினார்கள். மாமாவைப் பார்த்து ஃபாதர் “நீங்க இருந்து பாருங்க” என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான், மாமாவால் எழுந்திருக்க முடியாது. கடைசியில் ஃபாதர், நான், மாமா மூன்று பேர்தான் வேர்வையில் குளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

படம் முடிந்ததும் ஃபாதர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார். “இதுல கடவுள் எங்க இருந்தாரு?”

மாமா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “சாரத்துல இருந்தாருங்க சாமி. கட்டுனவன் ஒழுங்காவே கட்டல, லொடலொடன்னு ஆடுச்சு. அந்தக் கெழவரு விழல பாருங்க” என்றார்.

ஃபாதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து மாமா இல்லாமல் படம் போடமாட்டார். மாமாவும் தவறாமல் வருவார். முதலில் போக முடியாமல் இருந்தவர், பிறகு போக மனமில்லாமல் இருந்தார் என்று நினைக்கிறேன்.

கோயிலைப் புதுப்பித்துக் கட்டியபோது, இயேசுவைத் தீர்ப்பிட்டதிலிருந்து அடக்கம் செய்தது வரைக்கும் காட்டுகிற சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைப் படங்களையும் கடையில் வாங்கி மாட்டுவதில்லை, சுவரிலேயே வரைவது என்று ஃபாதர் முடிவு செய்தார். அதுவும் ஊர்க்காரர்களின் முகங்களை வைத்து. பிரசங்கத்தில் சொன்னார்: “கடவுள் மனுசனத் தன் சாயலாப் படைச்சாருன்னு படிக்கிறோம். சாயல்னா என்ன? ஒரு கொழந்தையப் பாத்து அப்படியே அப்பன் சாயல்ங்கிறோமே, அதுதான். கடவுள் எப்படி இருப்பாருன்னு தெரிஞ்சுக்க எங்கயும் போவ வேணாம். பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க மூஞ்சியத் திரும்பிப் பாருங்க.” எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மூஞ்சி கழுவிட்டு வரக்கூடாது?” என்றாள்.

கும்பகோணம் பக்கமிருந்து ஒரு இளம் ஓவியர் வந்தார். காதில் எந்நேரமும் இயர்போன் இருக்கும். நேரில் ஒரு முகத்தைப் பார்க்காமல் அவருக்குக் கோடு ஓடாது. சுவரில் இடம் பிடிக்க ஊரில் நடந்த தள்ளுமுள்ளு தேர்தலுக்குக்கூட நடந்ததில்லை. இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்கம்மாள் ஆவதற்கு இரண்டு பெண்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் போட்டி போடவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் அறிவித்தார்: “இன்னும் ஒரு சூசை வேணும். தாடி வெச்ச, கொஞ்சம் வயசானவரா இருந்தா நல்லது.”

கோயில் மொத்தமும் மாமாவைத் திரும்பிப் பார்த்தது.

இங்கேதான் கோளாறு. எங்களுக்குச் சூசை என்றால் ஒரே சூசைதான். மாதாவின் கணவர் சூசையப்பர், தச்சர். மாமாவும் தச்சர், தாடியும் இருக்கிறது, பொருத்தம் அமோகம். ஆனால் ஃபாதர் கேட்டது அந்தச் சூசையை அல்ல. சிலுவையில் இறந்த இயேசுவின் உடலைப் ஆளுநர் பிலாத்துவிடம் கேட்டு வாங்கித் தன் கல்லறையில் அடக்கம் செய்தாரே, அரிமத்தியா ஊர் சூசை, அவரை. இயேசு சிலுவை சுமப்பதற்கு வெகு முன்பே சூசையப்பர் போய்ச் சேர்ந்துவிட்டார், சிலுவைப்பாதையில் அவருக்கு வேலையே கிடையாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வாராவாரம் பூசை காண்கிற கூட்டம் இது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாமா கழுத்தைச் சாய்த்தார். எச்சில் விழுங்கினார். “சரிங்க சாமி” என்றார்.

அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “எங்க வூட்டுக்காரரு சூசையப்பரா நிக்கப் போறாரு” என்று தெருவெல்லாம் சொன்னாள். மாமாவிடம் கட்டில் செய்து வாங்கிய லப்பைக்குடிக்காட்டுப் பாய் வீட்டுக்குக்கூடப் போன் போட்டுச் சொன்னாள். அந்த வீட்டு அம்மா எதற்கென்று புரியாமலேயே “மாஷா அல்லாஹ்” என்றாராம். ஒரு வாரம் வீட்டில் கவிச்சி கிடையாது. போக வேண்டிய அன்று மாமாவுக்கு வெள்ளை வேட்டியை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவர் செருப்பு மாட்டும்போது ஓடிப்போய்ச் சுத்தியலைக் கொண்டுவந்தாள். அதைச் சோப்புப் போட்டு வேறு கழுவியிருந்தாள்.

“இது எதுக்கு?” என்றார் மாமா.

“சூசையப்பரு கையில சுத்தி இல்லாம எப்புடி? புடிங்க.”

மாமா பிடித்துக்கொண்டார்.

நான்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். மாமா கோயில் வாசற்படியில் நின்றார். வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வலது கையில் சுத்தியல். ஓவியர் காதிலிருந்து இயர்போனை எடுத்தார். அதற்கு முன் அவர் அதை எடுத்து நான் பார்த்ததில்லை.

“ஐயா, அப்படியே நில்லுங்க. கைய ஓங்குங்க.”

மாமா ஓங்கினார்.

“ஒரு முழங்கால் போடுங்க. கீழ பாருங்க. கோவமெல்லாம் வேணாங்கய்யா. பட்டறையில வேலை செய்யறப்ப எப்படிப் பாப்பீங்க, அப்படிப் பாருங்க.”

மாமா அப்படியே பார்த்தார். குழந்தை இயேசுவுக்குத் தொட்டில் செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை திறப்பு. ஒவ்வொரு படத்தின்மேலும் துணி தொங்கியது. சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டே கூட்டம் நகர நகர, கோயில்பிள்ளை ஒவ்வொரு துணியாக இழுத்தார். கோயில்பிள்ளை என்றால் மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கோயிலைப் பெருக்குகிறவர். எங்கள் கோயில்பிள்ளை ஒல்லியான மனிதர், குரலே எழும்பாது. யார் என்ன ஏவினாலும் செய்வார். ஒவ்வொரு நிலையிலும் அத்தை என் விலாவில் இடித்தாள். “எங்கடி, இன்னம் காணோம்?” ஆறாவதில் வெரோணிக்கம்மாள் வந்தாகிவிட்டது. பத்தும் போய்விட்டது. பதினோராம் நிலை, இயேசுவைச் சிலுவையில் அறைகிறார்கள். கோயில்பிள்ளை துணியை இழுத்தார்.

மாமாதான். தரையில் கிடத்திய சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு முழங்காலிட்டு, சுத்தியலை ஓங்கிக்கொண்டு, ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. வேலை சுத்தமாக வர வேண்டுமே என்கிற கவனம் மட்டும் இருந்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. கோபமாக வரைந்திருந்தால் அது யாரோ என்று சொல்லியிருக்கலாம்.

அந்த இடத்தில் எல்லோரும் முழங்கால் போட வேண்டும். போட்டார்கள். அத்தை மட்டும் மரம் மாதிரி நின்றாள். நான் மாமாவைத் தேடினேன். எனக்குப் பின்னால் அவரும் முழங்கால் போட்டு, சுவரிலிருந்த தன் முகத்துக்கு நேராகக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் அத்தை ஃபாதரைப் பிடித்துக்கொண்டாள். “சூசையப்பருன்னுதான சாமி சொன்னீங்க? யாரக் கேட்டு இவர அங்க வெச்சீங்க?” ஃபாதர் விழித்தார். அப்போதுதான் இரண்டு சூசைகள் பிரிந்து வெளியே வந்தார்கள். மாமாவை ஓவியர் பதினொன்றுக்கு எடுத்துக்கொண்டதால், அரிமத்தியா சூசையாக ரேஷன் கடைக்காரர் பதினான்காம் நிலையில் நின்றுகொண்டிருந்தார். ஓவியர் பக்கத்தில் வந்து, “நீங்கதானே அம்மா சுத்தியக் குடுத்து அனுப்புனீங்க? அதப் பாத்துதான் எனக்கு அந்த யோசனையே வந்துச்சு” என்றார். அத்தை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

ஃபாதர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தச் செவுத்துலயே இதுதான் நல்ல படம். ஆனா ஒங்களுக்கு வருத்தம்னா சொல்லுங்க, இப்பவே அழிச்சிடச் சொல்றேன்.”

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். கழுத்து சாய்ந்தது. சொல்லித் தொலையுங்களேன் மாமா, ஒரே ஒரு வார்த்தை, என்று எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

“அதுக்கென்னங்க சாமி. இருக்கட்டும்.”

பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் அதற்குள் அவர் செருப்பைத் தேடிப் போய்விட்டார்.

அதன்பிறகு ஊருக்கு அவர் ‘பதினொண்ணு’ ஆகிவிட்டார். “பதினொண்ணு பட்டறையில இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். கட்டில் செய்யக் கொடுப்பவர்கள் “ஆணிய மெதுவா அடிங்க மாமா, வலிக்கப் போவுது” என்று சிரிப்பார்கள். மாமாவும் கூடச் சிரிப்பார். பெரிய வெள்ளியன்று குழந்தைகள் படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்க்கும். ஒரு பிள்ளை வீறிட்டே அழுதது. ஊர் கேலி செய்துவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அவரால்தான் போக முடியவில்லை.

முதலில் ஆணி அடிப்பதை விட்டார். ஸ்க்ரூ போட்டார், மர ஆப்பு வைத்து இறுக்கினார். ஏன் மாமா என்றால் “இது நல்லா நிக்கும் பாப்பா” என்பார். பிறகு பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகாமல், தீராத பாவம் உள்ளவர் மாதிரி பெஞ்சிலேயே உட்கார ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறைக்கே போய்க் கேட்டேன்.

“என்ன மாமா பாவம் பண்ணிட்டீங்க?”

மரம் இழைத்துக்கொண்டிருந்தவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். “சாமிகிட்டப் போயி பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன் பாப்பா. இந்த மாதிரி நாந்தான் அடிக்கிறேன்னு. அது பாவமே இல்ல, எந்திரிச்சிப் போங்கன்னுட்டாரு.”

“அப்பறம் என்ன?”

“பாவம்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பாரு. பாவமே இல்லங்கிறாரு. நா இத எங்க கொண்டுபோயி எறக்கி வெப்பேன்?”

லாரி ஒன்று போனது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதற்கெல்லாம் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், இந்த மனிதரை ஒரு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள், வெளியே நிற்கிறவர் பாதி ஆள்தான் என்பது.

ஃபாதருக்கும் மனசு கேட்கவில்லை. மாமாவுக்காகவே ஒரு படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டார். ஏதோ குளிர்தேசத்து ஓவியர். சிலுவையைக் கயிறு கட்டித் தூக்குகிறவர்களை வரைகிறார். அதில் கயிறு பிடிக்கிற ஒருவனுக்குத் தன் முகத்தையே வைத்துவிடுகிறார். ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்க்கிறார்கள். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்: “இது யாருன்னு கேக்குறாங்க. நாந்தாங்கிறாரு. நீ ஏன்யா அங்க நிக்கிறங்கிறாங்க. பின்ன என்னைய எங்க நிக்கச் சொல்றீங்கங்கிறாரு.”

படம் முடிந்தது. ஃபாதர் இந்த முறை கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்கவில்லை. மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “பாத்தீங்களா? எவ்வளவு பெரிய ஓவியர். தன்னையே அங்க வெச்சுக்கிட்டாரு. நாம எல்லாருமே அங்கதான் இருக்கோம், அதத்தான் சொல்ல வராரு. நீங்க எங்க எல்லாருக்கும் சேத்து அங்க நிக்கிறீங்க.”

மாமா தார்ப்பாய் கட்டிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவரு தானாப் போயி நின்னாரு சாமி. என்னக் கொண்டாந்து நிக்க வெச்சுட்டாங்க.”

ஃபாதரின் முகம் செத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். அதன்பிறகு அவர் படம் போடுவதே குறைந்துபோனது. இன்னொரு முறை, அழித்துவிடட்டுமா என்று கேட்டார். மாமா இன்னொரு முறை, இருக்கட்டும் சாமி என்றார். கேட்கிற விதத்தில் கேட்டால் இந்த மனிதரிடம் எந்தப் பதிலையும் வாங்கிவிடலாம், உண்மையான பதிலை மட்டும் வாங்க முடியாது. கொஞ்ச காலத்தில் ஃபாதருக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். மாமாதான் அவரைத் தேற்றினார்.

வருஷங்கள் ஓடின. தூசிதான் அந்தப் படங்களுக்கு எமன். கோயில்பிள்ளை வாரம் ஒருமுறை வாளியும் ஈரத்துணியுமாக ஒவ்வொரு முகத்தையும் துடைப்பார். அத்தை சிலுவைப்பாதையில் பத்து நிலை வரைக்கும் வருவாள். பதினொன்றுக்கு வெளியே போய் நின்றுவிட்டு, பன்னிரண்டுக்கு உள்ளே வருவாள். மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சிளைப்பு வந்தது. பட்டறையை மூடினார். நாலு எட்டு வைத்தால் உட்கார வேண்டும் என்ற நிலை வந்தபோது, அத்தை பொறுத்தது போதும் என்று புதிதாக வந்திருந்த ஃபாதரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

“இந்தாளு செத்தா இங்கதான சாமி கொண்டாந்து வெச்சுப் பூசை வெப்பீங்க? பொணமாக் கெடக்குறவரையும் பாத்துட்டு, செவுத்துல சுத்தியோட நிக்கிறவரையும் நா பாக்கணுமா? கடவுள்கிட்டப் போறப்பவும் அந்தக் கோலத்துலயேவா போவணும்? அதக் கையில குடுத்தவ நாந்தான் சாமி. நான் பண்ணுனத நீங்க அழிச்சுக் குடுங்க.” அத்தை அழுதாள். புது ஃபாதர் காரியக்காரர், இளகிய மனசும்கூட. அழிச்சிடலாம்மா, ஒரு மூஞ்சிதானே, என்றார். அதே ஓவியருக்குப் போன் போட்டு வரச் சொன்னார்.

மாமாவிடம் சொன்னோம். கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு விட்டார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார் என்று அத்தை சொன்னாள். காலையில் தானே எழுந்து தாடியைத் திருத்திக்கொண்டாராம்.

ஆட்டோ வைத்து மூன்று பேரும் போனோம். மாமாவுக்குப் பதினோராம் நிலைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டோம். ஓவியர் இப்போது தொப்பை போட்டிருந்தார். சுரண்டும் தகடு, பட்டி, வெள்ளைப் பெயிண்ட் டப்பா எல்லாம் எடுத்து வைத்தார். மாமாவிடம் குனிந்து, “மன்னிச்சிருங்கய்யா” என்றார். மாமா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அத்தை ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாள். வருஷங்கள் கழித்து அன்றுதான் அவள் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

தகட்டைச் சுவரில் வைக்கப் போனவர் நிறுத்தினார். “சாமி, இவர அழிச்சிட்டு யார வெக்கட்டும்? ஆணி அடிக்க ஒரு ஆள் வேணுமே. மூஞ்சியப் பாக்காம எனக்குக் கோடு ஓடாது.”

ஃபாதர் போனில் யாருடனோ கூரை வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பத்தாம் நிலைப் படத்தைத் துடைத்துக்கொண்டு கோயில்பிள்ளை நின்றார். “தோ, நம்ம கோயில்பிள்ளை இருக்காரே. ஏங்க, நீங்க நிக்கிறீங்களா?”

கோயில்பிள்ளை ஃபாதரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். படத்திலிருந்த சுத்தியலைப் பார்த்தார். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, எச்சில் விழுங்கினார்.

“சரிங்க சாமி” என்றார்.

நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. மாமா எழுந்துவிட்டார். நான் பிடிக்கப் போனேன், கையை விலக்கினார். வாயைத் திறந்தார், மூச்சு வாங்கியது. மறுபடி திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. விழுந்துவிடப் போகிறார் என்று பயந்துவிட்டேன்.

“நா எறங்க மாட்டேன் சாமி.”

ஃபாதர் போனை அணைத்தார். “என்ன சொல்றீங்க பெரியவரே? நீங்கதானே கேட்டீங்க?”

“எங்க வூட்டுல கேட்டாங்க. ஒங்களுக்குச் செரமம் குடுத்துட்டேன். அங்கேருந்து நா எறங்க மாட்டேங்க. நானே இருந்துக்குறேன்.”

ஓவியர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஜெபமாலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஓவியர் டப்பாவை மூடினார். கோயில்பிள்ளை துணியைப் பிழிந்துகொண்டு பதினோராம் நிலைக்கு வந்தார். படத்திலிருந்த மாமாவின் நெற்றியிலும் தாடியிலும் படிந்திருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ரயில்வே கேட்டில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அங்கே வைத்து வெடித்தாள்.

“கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து எங்கிட்ட ஒரு தடவ சொல்லிருக்கீங்களா இந்த வார்த்தைய? ஊரே ஏசுச்சே, அப்ப சொன்னீங்களா? அன்னிக்கு அந்தச் சாமி கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டாரே, அப்ப சொன்னீங்களா? சொல்ல வேண்டிய நாளெல்லாம் வாய மூடிக்கிட்டு இருந்துட்டு, எறக்கி விடறேங்கிறப்ப போயி மாட்டேங்கிறீங்களே, ஒங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?”

மாமாவுக்கு மூச்சு இழுத்தது. சாலைத் தூசிக்கு மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார். துண்டை எடுத்தார்.

“அந்தக் கோயில்பிள்ளைக்கும் சொல்ல வராதுடி” என்றார். “எனக்குத் தெரியும்ல.”